‘பேப்பர்லெஸ்’ என்றால் பசுமையா? திருத்தங்கலில் இருந்து ஒரு கார்பன் கணக்கு

ஆபீஸ் மெயில்களோட கடைசி வரியைக் கவனிச்சிருப்பீங்க. "இதை அச்சிடும் முன் சுற்றுச்சூழலை நினைத்துப் பாருங்கள்"னு பச்சை கலர்ல ஒரு வரி, பக்கத்துல குட்டியா ஒரு மரம். சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து படிச்சா இதுல ஒண்ணும் தோணாது. திருத்தங்கல்ல உட்கார்ந்து படிச்சா கொஞ்சம் உறுத்தும். இங்கேயிருந்து சிவகாசி வரைக்கும் உள்ள தெருக்கள்ல காலண்டர், டைரி, நோட்டு, லேபிள், அட்டைப்பெட்டின்னு ஏதோ ஒண்ணு அச்சாகிட்டேதான் இருக்கு. அச்சிடுறதுதான் இந்த ஊருக்குச் சோறு. அச்சு இல்லேன்னா தீப்பெட்டி, அதுவும் இல்லேன்னா பட்டாசு. மூணுமே இன்னைக்கு ‘சுற்றுச்சூழல்’ங்கிற வார்த்தையைக் கேட்டாலே கொஞ்சம் பதறுற தொழில்கள்.

அரசு சேவைகள் ஆன்லைனுக்குப் போனதால காகிதம் மிச்சம், பெட்ரோல் மிச்சம், கார்பன் மிச்சம்னு எல்லாரும் சொல்றாங்க. சரி, எவ்வளவு மிச்சம்? நம்ம சேனல்ல எதைச் சொன்னாலும் ரூபாய் கணக்கு போட்டுத்தானே பேசுவோம். இதையும் அப்படியே போட்டுப் பார்ப்போம். ஒரு பக்கம் ரூபாய், இன்னொரு பக்கம் கிலோ.

கணக்குக்கு மூணு எண்கள் போதும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா சுமார் 2.3 கிலோ கார்பன் டைஆக்சைடு வெளியாகும். நம்ம நாட்டு கிரிட்ல இருந்து ஒரு யூனிட் கரண்ட் எடுத்தா, மத்திய மின்சார ஆணையத்தோட கணக்குப்படி சுமார் 0.7 கிலோ. ஒரு ஏ4 தாள் சுமார் 5 கிராம் எடை. இதை மனசுல வச்சுக்கோங்க.

வருமானச் சான்றிதழ் ஒண்ணு: 60 ரூபாயா, 1,500 ரூபாயா?

திருத்தங்கல்ல இருக்கிற ஒருத்தருக்கு வருமானச் சான்றிதழ் வேணும்னு வைங்க. பழைய முறையில சிவகாசி தாலுகா ஆபீஸ். போக அஞ்சு, வர அஞ்சு கிலோமீட்டர். மனு கொடுக்க ஒரு நாள், "நாளைக்கு வாங்க"ன்னு சொன்னா இன்னொரு நாள், வாங்க மூணாவது நாள். மொத்தம் 30 கிலோமீட்டர். பைக் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்தா முக்கால் லிட்டருக்கும் குறைவு, அறுபத்தஞ்சு எழுபது ரூபாய். கார்பன் சுமார் ஒன்றரை கிலோ.

இதை விட பெரிய செலவு லீவுதான். மாசம் 26,000 சம்பளம், 26 வேலை நாள்னா ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாய். மூணு தடவை அரை நாள் பெர்மிஷன் போட்டா 1,500 ரூபாய் மதிப்புள்ள நேரம் போச்சு. இப்போ இ-சேவை மையத்துல 60 ரூபாய் கட்டி அப்ளை பண்ணினா, மனு விஏஓ லாகின், ஆர்ஐ லாகின், தாசில்தார் லாகின்னு தானா நகரும். சான்றிதழ் டிஜிட்டல் கையெழுத்தோட, க்யூஆர் கோடோட வரும்.

ரூபாய் பக்கத்துல இது அருமையான விஷயம். சந்தேகமே இல்லை. கார்பன் பக்கத்தைப் பாருங்க. ஒன்றரை கிலோங்கிறது ரெண்டு யூனிட் கரண்ட். வீட்டு ஏசியை ஒன்றரை மணி நேரம், மிஞ்சிப்போனா ரெண்டு மணி நேரம் ஓட்டினா தீர்ந்து போற அளவு. சான்றிதழை ஆன்லைன்ல வாங்கிட்டு, அந்த சந்தோஷத்துல மதியம் ஏசி போட்டுத் தூங்கினா, பூமிக்கு ஒரு லாபமும் இல்லை.

அதுலயும் ஒரு நெளிவு இருக்கு. காஸ்ட் அக்கவுண்டிங் படிச்சவங்களுக்கு ‘மார்ஜினல் காஸ்ட்’ ஞாபகம் இருக்கும். நீங்க பைக்ல போகாம டவுன் பஸ்ல போயிருந்தா? நீங்க ஏறினாலும் ஏறாட்டியும் அந்த பஸ் ஓடத்தான் போகுது. உங்க ஒருத்தரால கூடின டீசல் கிட்டத்தட்ட பூஜ்யம். அப்போ பஸ்ல போறவர் ஆன்லைனுக்கு மாறினா கார்பன் மிச்சமும் பூஜ்யம்தான். ‘ஒரு டிரான்ஸாக்‌ஷனுக்கு இத்தனை கிலோ மிச்சம்’னு யாராவது ஸ்லைடு போட்டுக் காட்டினா முதல்ல கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: அந்த ஆள் முன்னாடி எதுல வந்துட்டிருந்தார்?

இன்னொண்ணு. ஆன்லைன்ல மனு போட்ட பிறகு, "ஒரிஜினலையும் ரெண்டு ஜெராக்ஸையும் எடுத்துக்கிட்டு நேர்ல ஒரு தடவை வந்துட்டுப் போங்க"ன்னு போன் வர்ற அனுபவம் நம்மள்ல பல பேருக்கு இருக்கும். அந்த ஒரு போன் கால்ல மேல போட்ட கணக்கு பூரா காலி. அலைச்சலும் இருக்கு, அப்லோடும் இருக்கு. டிஜிட்டல் ஆக்கின பிறகு ஜெராக்ஸ் கடைகள் கூடியிருக்கா, குறைஞ்சிருக்கான்னு உங்க ஊர் இ-சேவை மையத்துக்குப் பக்கத்துல நின்னு பாருங்களேன்.

கணக்கு எங்கே மாறுதுன்னா, தூரம் கூடும்போது. நம்ம வாசகர்கள்ல நிறைய பேர் வேலை பார்க்கிறது சென்னையில, அப்பா அம்மா இருக்கிறது விருதுநகர் பக்கம். இடத்துக்கு வில்லங்கம் பார்க்கணும், பட்டாவுல பேர் சரியா இருக்கான்னு பார்க்கணும்னா ஒரு காலத்துல லீவு போட்டுட்டு ஊருக்கு வரணும். பொதிகையில டிக்கெட் கிடைக்கலேன்னா நாலு பேர் சேர்ந்து கார் எடுப்பீங்க. போக வர ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல. லிட்டருக்கு 15 கிலோமீட்டர்னா 70 லிட்டர். ஏழாயிரம் ரூபாய் பெட்ரோல், டோல் தனி. கார்பன் 160 கிலோ. 2018 பிப்ரவரியில பதிவுத்துறை ‘ஸ்டார் 2.0’ கொண்டு வந்த பிறகு, வில்லங்க விவரத்தை போன்லயே காசில்லாமப் பார்த்துடலாம். பட்டா, சிட்டாவும் அப்படித்தான். இந்த மாதிரி ஒரு தேவையில்லாத பயணத்தைத் தவிர்த்தா அது நூறு வருமானச் சான்றிதழுக்குச் சமம்.

364 டன் காகிதம்

அடுத்து என் துறை. இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன்.

உங்கள்ல கொஞ்சம் சீனியர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆன்லைன்ல ரிட்டர்ன் ஃபைல் பண்ணினாலும், ஐடிஆர்-வி-ன்னு ஒரு தாளை பிரிண்ட் எடுத்து, நீல மையில கையெழுத்துப் போட்டு, மடக்கி கவர்ல வச்சு, பெங்களூரு சிபிசிக்குத் தபால்ல அனுப்பணும். அது போய்ச் சேரலேன்னா ரிட்டர்னே செல்லாது. ஆடிட்டர் ஆபீஸ்கள்ல ஜூலை மாசம் கவர் ஒட்டுறதுக்குன்னே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். 2015-ல ஆதார் ஓடிபி, நெட் பேங்கிங் மூலமா இ-வெரிஃபிகேஷன் வந்தது. இப்போ தபால் வழி இன்னும் சட்டப்படி இருக்கு, ஆனா யாரும் அந்தப் பக்கம் போறதில்லை.

2024 ஜூலை 31 வரைக்கும் மட்டும் 7.28 கோடி ரிட்டர்ன் ஃபைல் ஆச்சுன்னு வருமான வரித்துறை சொன்னது. ஒவ்வொருத்தரும் ஒரு தாள் அனுப்பியிருந்தா? 7.28 கோடி தாள், தலா 5 கிராம். 364 டன். கேட்கவே பிரமிப்பா இருக்கு இல்லையா? மேடையில சொன்னா கைதட்டு கிடைக்கும்.

இப்போ இதைக் கார்பனாக்குங்க. காகிதம் தயாரிக்கிறதுல வெளியாகிற கார்பன், மில்லைப் பொறுத்து மாறும். தோராயமா ஒரு கிலோ காகிதத்துக்கு ஒரு கிலோன்னு வச்சுக்கலாம். அப்போ 364 டன் கார்பன் டைஆக்சைடு. கவரையும், தபால் வண்டியையும் சேர்த்து வேணும்னா ரெண்டு மடங்கா ஆக்கிக்கோங்க. 728 டன்.

ஒரு வீட்டுக் கூரையில 3 கிலோவாட் சோலார் போட்டா நாளைக்கு சுமார் 12 யூனிட். வருஷத்துக்கு 4,380 யூனிட். ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோன்னா மூணு டன் கார்பன். 728-ஐ மூணால வகுத்துப் பாருங்க. 243 வீடு.

அதாவது இந்தியா முழுக்க ஏழு கோடிக்கும் மேற்பட்ட பேர் ஒரு வருஷம் தாள் அனுப்பாம இருந்ததால கிடைச்ச மிச்சம், திருத்தங்கல்ல நாலஞ்சு தெரு மொட்டை மாடியில சோலார் போட்டா கிடைச்சுடும். காகிதத்தை மிச்சம் பிடிச்சு பூமியைக் காப்பாத்துறோம்ங்கிற பேச்சு எனக்கு ஏன் பிடிக்கிறதில்லைன்னு இப்போ புரியும். இ-வெரிஃபிகேஷன் நல்லது. ரீஃபண்ட் சீக்கிரம் வருது, தபால்ல தொலையுற பயம் இல்லை. அதை அந்தக் காரணத்துக்காகவே பாராட்டலாமே. எதுக்கு பச்சை சாயம்?

காகிதம்னா மரம்ங்கிற சமன்பாடும் நம்ம ஊர்ல அவ்வளவு நேர் இல்லை. கரூர் பக்கம் காகிதபுரத்துல இருக்கிற டிஎன்பிஎல், அதாவது தமிழ்நாடு அரசோட காகித ஆலை, கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளா வச்சு ஓடுறதுக்குப் பேர் போனது. சக்கரை ஆலையில சாறு எடுத்த பிறகு மிஞ்சுற சக்கை. அதுக்காக காகிதம் சுத்தமான சாமான்னு சொல்ல வரலை. தண்ணியும் கரண்ட்டும் நிறைய குடிக்கிற தொழில் அது. மெயில்ல வர்ற அந்தக் குட்டி மரம் மட்டும் கதை முழுசையும் சொல்றதில்லை.

சிவகாசி அச்சுத்தொழிலுக்கு ‘அரசு ஒரு முடிவெடுத்தா ஆர்டர் போகும்’ங்கிறது புதுசில்லை. 2003 ஜனவரியில தமிழ்நாட்டுல லாட்டரிச் சீட்டுக்குத் தடை வந்தப்போ, சீட்டு அடிச்சிட்டிருந்த பிரஸ்கள் ஒரே நாள்ல வேற வேலை தேட வேண்டியதாச்சு. அது நல்ல முடிவுதான். எத்தனையோ குடும்பம் தப்பிச்சது. ஆனா மெஷின் வாங்கின லோனுக்கு வட்டி நிக்கலை. 2017-ல ஸ்மார்ட் ரேஷன் கார்டு வந்தது. அதுக்கு முன்னாடி ரேஷன் கார்டுல வருஷா வருஷம் உள்தாள் ஒட்டின காலத்தை உங்க வீட்டுல கேட்டுப் பாருங்க. ரயில் பெட்டியில ஒட்டுற சார்ட் 2018-ல பெரிய ஸ்டேஷன்கள்ல நின்னது. ஒவ்வொண்ணும் தனியா பார்த்தா சரிதான். சேர்த்துப் பார்த்தா, ‘சுற்றுச்சூழல் லாபம்’னு ஒரு பக்கம் எழுதுற துளி கிலோவுக்கு எதிரா, இன்னொரு பக்கத்துல யாரோ ஒரு பைண்டிங் தொழிலாளியோட வார சம்பளம் இருக்கு. பேலன்ஸ் ஷீட்னா ரெண்டு பக்கமும் எழுதணும்.

டோல்கேட்டும் மொட்டை மாடியும்

அப்போ டிஜிட்டல் சேவையால சுற்றுச்சூழலுக்கு ஒண்ணுமே இல்லையான்னா, இருக்கு. ஆனா அது காகிதத்துல இல்லை. எரிபொருளையோ கரண்ட்டையோ நேரடியாத் தொடுற சேவைகள்ல இருக்கு.

முதல்ல ஃபாஸ்டேக். மதுரைக்குப் போறப்போ கப்பலூர் டோல்கேட்ல முன்னாடி நின்ன வரிசை ஞாபகம் இருக்கா? 2021 பிப்ரவரியில ஃபாஸ்டேக் கட்டாயம் ஆச்சு. டோல்கேட்கள்ல சராசரி காத்திருப்பு 2018-19-ல 8 நிமிஷமா இருந்தது, 47 செகண்டா குறைஞ்சதுன்னு மத்திய அரசு சொல்லியிருக்கு. கார் நின்ன இடத்துல இன்ஜின் ஓடினா மணிக்கு முக்கால் லிட்டர் போல எரியும். ஏழு நிமிஷம் மிச்சம்னா சுமார் 90 மில்லி. ஒன்பது ரூபாய், 200 கிராம் கார்பன். ஒரு தடவைக்கு இது சின்னது. ஆனா லாரி, பஸ், கார்னு நாள் முழுக்க ஓடுற நாலுவழிச் சாலையில ஒவ்வொரு வண்டிக்கும், ஒவ்வொரு கேட்டுலயும் இது நடக்குது. யாரும் எதையும் தியாகம் பண்ண வேண்டியதில்லை, மாற்றம் தானா நடக்குது. இதுதான் நல்ல டிசைன்.

2025 ஆகஸ்ட் 15-ல 3,000 ரூபாய்க்கு வருஷ பாஸ் வந்தது, சொந்தக் கார், ஜீப், வேனுக்கு மட்டும். 200 தடவை அல்லது ஒரு வருஷம், எது முதல்ல முடியுதோ அது. அந்த விலையில ஒரு கேட்டுக்கு 15 ரூபாய் தான் ஆச்சு. தேசிய நெடுஞ்சாலை கேட்டுகளுக்குத்தான் செல்லும்ங்கிறதை மறக்காதீங்க. வருஷத்துக்கு 40, 50 கேட் தாண்டுறவங்களுக்கு லாபம். ஆனா "பாஸ் வாங்கியாச்சு, இனி ரயில் எதுக்கு, கார்லயே போவோம்"னு ஆரம்பிச்சா, அந்த 200 கிராம் மிச்சம் 160 கிலோவா உங்களைத் திருப்பி அடிக்கும். பொருளாதாரத்துல இதுக்கு ‘ரீபவுண்ட்’னு பேரே இருக்கு. மலிவானா கூடப் பயன்படுத்துவோம். மனுஷ சுபாவம்.

ரெண்டாவது, பிஎம் சூர்ய கர். 2024 பிப்ரவரியில ஆரம்பிச்ச திட்டம், 75,021 கோடி ரூபாய், இலக்கு ஒரு கோடி வீடு. இதை ஏன் ‘டிஜிட்டல் சேவை’ங்கிற தலைப்புல கொண்டு வர்றேன்னா, இதுக்கு முன்னாடியும் சோலார் மானியம் இருந்தது. யாருக்கு எங்கே மனு கொடுக்கணும், எப்போ பணம் வரும்ங்கிறதுதான் குழப்பம். இப்போ ஒரே போர்ட்டல்ல மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிவு பண்ணி, பதிவு பெற்ற வென்டரைத் தேர்ந்தெடுத்து, நெட் மீட்டர் வச்சதும் மானியம் நேரா பேங்க் அக்கவுண்ட்டுக்கு வருது. 1 கிலோவாட்டுக்கு 30,000, ரெண்டுக்கு 60,000, மூணும் அதுக்கு மேலயும் 78,000 ரூபாய். 10 கிலோவாட் வரைக்கும் தனியா டெக்னிக்கல் ஆய்வுக்குக் காத்திருக்க வேண்டாம்னு விதியும் மாத்திட்டாங்க.

விருதுநகர் மாவட்டத்தைக் கந்தக பூமின்னு சொல்றது சும்மா இல்லை. மழை குறைவு, காஞ்ச காத்து. அந்த வறட்சிதான் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் தோதா இருந்தது. அதே வெயில்தான் சோலாருக்கும் தோது. இந்த ஊர் வெயிலை இத்தனை வருஷமா பட்டாசு காயப் போட மட்டும்தான் பயன்படுத்தினோம்.

ஆனா எல்லாருக்கும் போடச் சொல்ல மாட்டேன். கணக்கு கவனமாப் பாருங்க. பிள்ளைங்க எல்லாம் வெளியூர்ல, வீட்டுல அப்பா அம்மா ரெண்டு பேர், ஒரு ஃபேன், ஒரு டிவி, ஒரு ஃபிரிட்ஜ். ரெண்டு மாசத்துக்கு 200 யூனிட்டுக்குள்ளதான் ஓடும். முதல் 100 யூனிட் இலவசம் போக பில்லே சில நூறு ரூபாய்தான். அங்கே மானியம் போக லட்ச ரூபாய்க்கு மேல கைக்காசு போட்டா திரும்பி வர காலமாகும். அந்தப் பணத்தை எமர்ஜென்ஸி ஃபண்டா வைங்க. ஆனா ரெண்டு ஏசி ஓடுற வீடு, ரெண்டு மாசத்துல 500 யூனிட்டைத் தாண்டுற வீடுன்னா கதை வேற. 500-ஐத் தாண்டினதும் கட்டண அட்டவணையே மாறிடும்ங்கிறது பில் கட்டுறவங்களுக்குத் தெரியும். 600 யூனிட் ஓடுற வீட்டுல 2 கிலோவாட் போட்டா ரெண்டு மாசத்துக்கு சுமார் 480 யூனிட் அதுவே கொடுத்துடும். மிச்சம் 120 யூனிட்டுக்குத்தான் கிரிட். பில் எங்கே வந்து நிக்கும்னு நீங்களே பார்த்துக்கோங்க.

இங்கேதான் ஒரு சின்ன முட்டுக்கட்டை. ஈபி இணைப்பு தாத்தா பேர்ல இருக்கும். வீடு அப்பா பேர்ல இருக்கும். லோன் எடுக்கப் போறது நீங்க. மூணும் ஒத்து வராது. அதனால வென்டருக்கு அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஈபி இணைப்பை பேர் மாத்துங்க. அதையும் ஆன்லைன்லயே பண்ணலாம். வாரிசுச் சான்று, சொத்து வரி ரசீது தயாரா இருக்கணும். திருத்தங்கல் நகராட்சி 2021-ல சிவகாசி மாநகராட்சியோட சேர்ந்த பிறகு வரி ரசீதுல உள்ள விவரங்கள் பழையபடி இருக்கான்னும் ஒரு தடவை பார்த்துடுங்க.

பட்டாசுப் பெட்டியில ஒரு க்யூஆர் கோடு

இது வரைக்கும் பேசினது கார்பன். இந்த ஊர்ப் பேச்சு வந்தா கார்பன் வேற, காற்று மாசு வேறன்னு பிரிச்சுப் பார்க்கணும். ஒரு சரவெடியால வர்ற கார்பன் டைஆக்சைடு பெருசா ஒண்ணும் இல்லை. பிரச்சினை புகையில இருக்கிற நுண்துகள், கந்தக வாயு, பேரியம் மாதிரி உலோகங்கள். அது உலகச் சூடு பத்தின விஷயம் இல்லை, அன்னைக்கு ராத்திரி உங்க நுரையீரல் பத்தின விஷயம். பி.எம். 2.5 நுண்துகளுக்கு இந்தியாவோட 24 மணி நேர வரம்பு ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட ‘சமீர்’ ஆப்ல பெருநகரங்களோட தீபாவளி ராத்திரி நிலவரத்தைப் பாருங்க, எப்படித் தாவுதுன்னு தெரியும்.

2018 அக்டோபர் 23 அன்னைக்கு உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு மட்டும்தான்னு சொன்னது. ஆன்லைன் விற்பனைக்கும் தடை. சிஎஸ்ஐஆர்-நீரி நிறுவனம் புது ஃபார்முலா கொடுத்தது, வழக்கமான பட்டாசை விட நுண்துகள் 30 சதவீதமாவது குறையணும்ங்கிற அளவுகோலோட. அது உண்மையான பசுமைப் பட்டாசுதானான்னு பார்க்க பெட்டியில க்யூஆர் கோடு, ஸ்கேன் பண்ண நீரியோட ஆப்.

என்னைக் கேட்டா, டிஜிட்டல் அரசு சேவை காற்றைத் தொடுறதுக்கு நம்ம மாவட்டத்துல இதை விட நேரடியான உதாரணம் இல்லை. அதோட பலவீனமும் இங்கேயே தெரியும். 2021 அக்டோபர்ல உச்ச நீதிமன்றமே, பசுமைப் பட்டாசுன்னு சொல்லி தடை செஞ்சதை விக்கிறாங்க, போலி க்யூஆர் கோடு ஒட்டுறாங்கங்கிற புகாரைப் பதிவு பண்ணியிருக்கு. 2025 அக்டோபர் 15-ல டெல்லியில சில நாளுக்கு பசுமைப் பட்டாசை அனுமதிச்சப்போவும், க்யூஆர் கோடு இருக்கிற சரக்கு மட்டும்தான்னு நிபந்தனை. க்யூஆர் கோடை அச்சடிக்க நாலு நிமிஷம் போதும். அதுவும் அச்சுக்குப் பேர் போன ஊர்ல. ஸ்கேன் பண்றதுக்கு ஆள் இருந்தாத்தான் அது சேவை. இல்லேன்னா அது கறுப்பு வெள்ளைக் கட்டம்.

லைசென்ஸ் விஷயமும் அப்படித்தான். பட்டாசு ஆலை உரிமம் எல்லாம் இன்னைக்கு ஆன்லைன்ல. ஆனா உரிமம் ஒருத்தர் பேர்ல, உள்ளே அறையை உள்குத்தகைக்கு எடுத்து ஓட்டுறவர் வேற ஆள்னா போர்ட்டல்ல அது தெரியாது. 2012 செப்டம்பர்ல முதலிப்பட்டியில முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தாங்க. அதுக்குப் பிறகும் இந்தப் பக்கம் வெடிவிபத்து நின்னபாடில்லை. ஒழுங்கா லைசென்ஸ் எடுத்து, நீரி ஃபார்முலாவுக்கு மாறி, கோடு ஒட்டி விக்கிற ஆலைக்காரர் செலவு கூடிப்போய் நிக்கிறார். போலி ஒட்டுறவர் மலிவா விக்கிறார். ஒரு சேவை நேர்மையானவனுக்கு மட்டும் செலவு வச்சா அது நாளடைவுல நேர்மையைக் குறைக்கும். வாங்குற நாம ஸ்கேன் பண்ணினாத்தான் அந்தச் செலவுக்கு அர்த்தம் வரும். (ஆன்லைன்ல பாதி விலைக்குப் பட்டாசுன்னு வர்ற விளம்பரத்துக்கு ஜிபே பண்ணி ஏமாந்தா 1930-க்கு உடனே போன் பண்ணுங்க. ஒவ்வொரு தீபாவளிக்கும் இது நடக்குது.)

நம்ம போனோட கணக்கு

டிஜிட்டலுக்கும் புகை உண்டு, நம்ம கண்ணுல படறதில்லை. சர்வதேச எரிசக்தி முகமை கணக்குப்படி 2024-ல உலகத்துல டேட்டா சென்டர்கள் எடுத்த மின்சாரம் சுமார் 415 டெராவாட் மணி, உலக மின் பயன்பாட்டுல ஒன்றரை சதவீதம். ஆனா அரசு போர்ட்டல்ல சான்றிதழ் எடுக்கிறதெல்லாம் அதுல தூசு. போனை ஒரு தடவை முழுசா சார்ஜ் பண்ணினா 0.02 யூனிட், 14 கிராம் கார்பன். பெரிய பங்கு போனைத் தயாரிக்கிறதுல இருக்கு. அதனால ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இஎம்ஐல போன் மாத்துற பழக்கத்தை நாலு வருஷமாக்கினா, நீங்க வாழ்நாள்ல எடுக்கப்போற அத்தனை இ-சான்றிதழும் சேர்ந்து தர்ற மிச்சத்தை விட அதிகம். பர்சும் சந்தோஷப்படும்.

ஐ.நா.வோட மின் ஆளுமைப் பட்டியல் 2024-ல டென்மார்க் முதல் இடம், 193 நாடுகள்ல இந்தியா 97. இந்த மாதிரி குறியீட்டை வச்சு, மின் ஆளுமை கூடினா கார்பன் குறையுதான்னு நாடுகளை ஒப்பிட்டுப் பார்க்கிறவங்க இருக்காங்க. எனக்கு அதுல ஒரு தயக்கம் உண்டு. பணக்கார நாடு போர்ட்டலும் நல்லா வச்சிருக்கும், காற்றாலையும் நிறைய வச்சிருக்கும். போர்ட்டலால காற்று சுத்தமாச்சா, காசு இருந்ததால ரெண்டும் நடந்ததாங்கிறது வேற கேள்வி.

கிலோவுல அளக்க முடியாதது

ஒரு சேவையை இந்தக் கணக்குல எங்கே வைக்கிறதுன்னு எனக்குப் பிடிபடலை. ஜீவன் பிரமாண், அதாவது டிஜிட்டல் வாழ்வுச் சான்று. கார்பன் கணக்குல அது மேல சொன்ன வருமானச் சான்றிதழ் ரகம்தான். ஒரு கிலோவோ ஒன்றரை கிலோவோ.

ஆனா யார் பயன்படுத்துறாங்கன்னு பாருங்க. இந்தப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ்லயும் பிரஸ்லயும் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பல பேருக்கு வர்றது இபிஎஸ்-95 பென்ஷன். 2014 செப்டம்பர்ல இருந்து குறைந்தபட்சம் மாசம் 1,000 ரூபாய், இன்னைக்கும் அதேதான். "நான் உயிரோட இருக்கேன்"னு வருஷத்துக்கு ஒரு தடவை காட்டணும். அதுக்கு ஆட்டோ வச்சு பேங்குக்குப் போக வர 200 ரூபாய்னா, அந்த மாச வருமானத்துல அஞ்சுல ஒரு பங்கு. உங்க சம்பளத்துல அஞ்சுல ஒரு பங்கை ஒரு கையெழுத்துக்காகக் கொடுப்பீங்களா?

2014 நவம்பர்ல ஜீவன் பிரமாண் வந்தப்போ பெரும்பாலும் கைரேகைதான் வழி. வயசானவங்களுக்கு, அதுவும் கையாலயே வேலை செஞ்சு தேஞ்ச விரலுக்கு, மெஷின் ரேகையைப் படிக்காது. "நாளைக்குக் கையைக் கழுவிட்டு வாங்க பாட்டி"ன்னு திருப்பி அனுப்புவாங்க. 2021 நவம்பர்ல முகத்தை வச்சே சரிபார்க்கிற வசதி வந்த பிறகுதான் இது உண்மையான சேவை ஆச்சு.

அதனால இந்த தடவை ஊருக்குப் போறப்போ உங்க போன்ல ‘ஆதார் ஃபேஸ் ஆர்டி’, ‘ஜீவன் பிரமாண்’ ரெண்டு ஆப்பையும் ஏத்திக்கோங்க. ஆச்சியோட ஆதார் எண், பிபிஓ எண், பென்ஷன் வர்ற பேங்க் அக்கவுண்ட் எண் மூணும் வேணும். இபிஎஸ் ஓய்வூதியர்களுக்கு நவம்பர்தான்னு கட்டாயம் இல்லை. எந்த மாசம் கொடுத்தாலும் அன்னையில இருந்து ஒரு வருஷம் செல்லும். அதனால பொங்கலுக்கு வர்றவங்க பொங்கலுக்கே முடிச்சிடலாம். வெளிச்சம் முகத்துல படுற மாதிரி வாசல் பக்கம் உட்கார வைங்க, கண்ணாடியைக் கழட்டச் சொல்லுங்க, கண்ணை ஒரு தடவை சிமிட்டச் சொல்லுங்க. முடிஞ்சதும் வர்ற பிரமாண் ஐடியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கோங்க. நீங்க போக முடியலேன்னா போஸ்ட்மேன் வீட்டுக்கே வந்து எடுத்துக் கொடுப்பார்; வழக்கமா அதுக்கு 70 ரூபாய். 2025 நவம்பர்ல இபிஎஃப்ஓ தபால்துறையோட இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் பேங்க்கோட ஒப்பந்தம் போட்டு, இபிஎஸ் ஓய்வூதியர்களுக்கு அந்தச் செலவைத் தானே ஏத்துக்கிறதா சொல்லியிருக்கு. பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கும் இதைச் சொல்லுங்க.